நாயக்கரும் ஜனங்களும்

‘நாயகன்’ படத்தை முன்வைத்து எனக்கும் எங்க பெரியப்பாவுக்கும் பல வருசமாக ஒரு சண்டை நடக்கிறது. படம் வந்தது 1987 தீபாவளிக்கு. அப்போது நான் பிறக்கவே இல்லை. பெரியப்பாவோ அதைத் தாராவியிலேயே பார்த்தவர். கேசட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே அறைக்குள் இருபது பேர் நெருக்கி உட்கார்ந்து பார்த்தார்களாம். திருநெல்வேலிச் சேரிகளிலிருந்து தோல் வேலைக்குப் பம்பாய் ரயிலேறிய கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்தத் தோல் நாற்றம் ஊருக்கு வந்தபிறகும் பல நாள் மேலிருந்து போகாது என்று எங்க பெரியம்மை சொல்வாள்.

படம் கொண்டாடப்பட்டதற்குக் குறைவில்லை. கமலுக்கு நடிப்புக்காகவும், பி.சி.ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவுக்காகவும், தோட்டா தரணிக்குக் கலைக்காகவும் தேசிய விருது. 2005இல் ‘டைம்’ பத்திரிகை போட்ட நூறு படங்களின் பட்டியலில் இடம். இவ்வளவு பேர் கொண்டாடும் படத்தைக் குறை சொல்லிப் பேர் வாங்கும் ஆசை எனக்கில்லை. அதன் முதல் கால் மணி நேரத்தைப் போலப் போலீசைக் காட்டிய தமிழ்ப்படங்கள் குறைவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தூத்துக்குடியில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் தலைமறைவாக இருக்கிறார். பிடித்துவைத்த மகனை விடுவிப்பதுபோல் விடுவித்து, அவன் பின்னாலேயே போய், அவன் கண்முன்னாலேயே அப்பனைச் சுட்டுக் கொல்கிறார்கள். பிள்ளையை வைத்து அப்பனைப் பிடிக்கிற இந்த வித்தையை எங்க பக்கத்து ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1995இல் கொடியன்குளம். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தை அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் தாமிரபரணியில் 17 பிணம். அதில் ஒன்று ஒன்றரை வயசுக் குழந்தை. 2018 மே 22 அதே தூத்துக்குடி. அந்த முதல் காட்சிகளை நான் சினிமாவாகப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அனாதையாக வந்த பையனை எடுத்து வளர்ப்பவர் ஒரு முஸ்லிம், உசேன் பாய். முஸ்லிமைக் கையில் வெடிகுண்டு இல்லாமல் காட்டுவதே பெரிய காரியம் என்று பின்னால் ஆகிப்போன சினிமாவில், அந்த மனிதரின் கனிவு லேசில் மறக்காது. நடித்தவர் எம்.வி.வாசுதேவ ராவ். 1975இல் வந்த கன்னடப் படம் ‘சோமன துடி’யில், சொந்தமாக உழ ஒரு துண்டு நிலம் கேட்டுக் கேட்டே செத்துப்போகிற தீண்டப்படாத சோமனாக நடித்து தேசிய விருது வாங்கியவர். எங்க ஆள் வேடம் கட்டிய முகம் தாராவிக்குள் பாயாக நடமாடுகிறது. சரி, இருக்கட்டும்.

சண்டை எங்கே வருகிறதென்றால், பேர்களில் வருகிறது. சக்திவேலாக ரயிலேறியவன் வேலு நாயக்கர் ஆகிறான். அடிபட்டவர்களுக்கு ஆதரவாக நின்று, கும்பிடு வாங்கத் தொடங்கியதும், மரியாதையாக வந்து ஒட்டிக்கொள்வது ஒரு சாதிப் பட்டம். பக்கத்தில் கணக்கு வழக்குப் பார்க்க அய்யர் இருக்கிறார். பாய் இருக்கிறார். குடிசையை இடிக்கச் சேட்டு இருக்கிறார். எல்லோருக்கும் சாதியோ மதமோ பேரோடு வருகிறது. வாசலில் கைகட்டி நிற்கிறவர்களுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அவர்கள் வெறும் ஜனங்க. தாராவியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்த ஜனங்க யாரென்று தெரியும். கோலிவாடாவில் மீன்பிடிக்கிற கோலிகள், கும்பார்வாடாவில் குஜராத்திலிருந்து வந்த குயவர்கள், தோல் பதனிடும் இடங்களில் திருநெல்வேலியிலிருந்து போன எங்க ஆட்கள் என்று தொழிலாலும் சாதியாலும் கட்டிய ஊர் அது. சதுப்பை மேடாக்கி அதைக் குடியிருக்கிற இடமாக்கியதில் தோல் உரித்த கைகளுக்குப் பெரும் பங்குண்டு. படத்தில் தோலும் இல்லை, நாற்றமும் இல்லை. தாராவியே பெரும்பாலும் சென்னையில் போட்ட செட்டு. செட்டில் குடிசை வந்தது, சந்து வந்தது, மழைகூட வந்தது. சாதி மட்டும் பட்டமாக மேலே நின்றுகொண்டது, கீழே இறங்கவில்லை.

வேலு நாயக்கருக்கு மாதிரியாக எல்லோரும் சொல்வது வரதராஜ முதலியாரை. முதலியார் நாயக்கரானார், அதற்குக் கீழே எந்த ஊர்ப்பேரும் எந்தத் தெருப்பேரும் ஒரு வீரனுக்குப் பொருந்தும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதலியாரின் தொழிலில் பெரும்பகுதி கள்ளச்சாராயம். படம் அதைப் பெரிதாகத் தொடாமல் கடல்வழிக் கடத்தலோடு நிற்கிறது. கடத்தலில் நஷ்டம் சர்க்காருக்கு. சாராயத்தில் யார் குடல் வெந்தது என்று கேட்டால் நாயகன் தேறமாட்டான்.

படத்துக்குள்ளேயே கேள்வி கேட்கிறவள் ஒருத்தி உண்டு, மகள் சாரு. அப்பாவின் அடிதடியை முகத்துக்கு நேரே கேட்டு, வீட்டை விட்டே போகிறாள். கடைசியில் அவள் யாரைக் கட்டியிருக்கிறாள் என்று பார்த்தால் போலீஸ் அதிகாரியை. கேள்வி கேட்ட பெண்ணைக் கொண்டுபோய் ஸ்டேசன் பக்கம் நிறுத்திவிட்டார்கள். நல்ல ஏற்பாடு!

இதையெல்லாம் சொன்னால் பெரியப்பா அசைந்து கொடுப்பதில்லை.

“எட்டி, நீ எம்மே படிச்சவ, பேரைத் தேடுத. நாங்க அடி வாங்குனவங்க. அந்த இன்ஸ்பெக்டரை நடுத்தெருவுல போட்டு அடிக்கும்போது அவன் நாயக்கனா நாடானான்னு எவன் பாத்தான்? லுங்கிக்காரன்னு சொல்லிச் சொல்லி அடிச்சானுவ எங்கள. திருப்பி அடிக்க ஒருத்தன் வந்தான்லா, சினிமாவுலயாவது.”

1966இல் சிவசேனை தொடங்கி, தென்னாட்டான் வெளியேறு என்று கடைகளை உடைத்த காலம் தொட்டுப் பம்பாய்த் தமிழனுக்குள் கிடந்த பயம் இது. அந்தப் பயத்துக்கு அந்தப் படம் மருந்தாக இருந்திருக்கிறது. எம்.ஏ. படிப்பில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. அந்தக் கொலைக்குச் சாட்சி சொல்ல ஒருத்தர்கூட வாய் திறக்காத இடத்தில் எனக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. பேரில்லாத அந்த ஜனங்கதான் அங்கே கதாநாயகர்கள். ஆனால் அடுத்த காட்சியில் அவர்களே வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். எனக்குத் தொண்டை அடைப்பது அங்கேதான்.

2018இல் பா.ரஞ்சித்தின் ‘காலா’ வந்தது. அதே தாராவி, அதே திருநெல்வேலி, ஆனால் இந்தத் தடவை நீலமும் புத்த விகாரும் மறைக்காமல் நின்றன. பெரியப்பாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். கடைசியில் கறுப்பும் சிவப்பும் நீலமுமாகத் திரை நிறைந்தபோது எழுந்து நின்றுவிட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, “இது நம்ம படந்தான், ஒத்துக்கிடுதேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா இதுலயும் ஒரு பெரியாளு வேண்டியிருக்குல்லா?” என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

‘நாயகன்’ படத்தில் குடிசையை இடிக்க வந்த சேட்டின் வீட்டுக்கே ஜனங்களைக் கூட்டிப்போய்க் கண்ணாடியை உடைத்துக் கணக்கைத் தீர்ப்பார் நாயக்கர். இப்போது தாராவி மறுசீரமைப்புக்கு 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிந்து, வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்னாலிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் இருந்தால் அங்கேயே இலவச வீடு, பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு கணக்கு. பெரியப்பா மகன் பழைய ரேசன் கார்டைத் தேடச்சொல்லி ஊருக்குப் போன் பண்ணினான். பெரியம்மை தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். கார்டு கிடைத்தது. குடும்பத்தலைவர் பேரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது.