அரை நூல்

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்வோருக்குக் காலபோகத்தின் கடைசி நாட்கள் உறக்கமற்ற நாட்கள். கதிர் முற்றும் வேளையிற் பன்றி இறங்கும். ஓரிரவில் ஒரு கூட்டம் உழக்கிவிட்டுப் போன வயலை மறுநாட் காலையிற் பார்ப்பவன், அவை தின்றதைவிட மிதித்ததே அதிகம் என்பதைக் காண்பான். பரணும் தகரடப்பாவும் தீப்பந்தமும் நீண்ட கூக்குரலும் ஓரளவுக்கே உதவும். ஆகவேதான் ஒரு காலத்தில் வன்னிக் கமக்காரன் துவக்கை மண்வெட்டியோடும் கத்தியோடும் சேர்த்து எண்ணினான். வாய்வழியே இடித்து நிரப்பும் இடியன் களவாகப் புழங்கியது. கச்சேரியில் அனுமதிப்பத்திரம் பெற்றோர் '12 போர்' எனப்படும் ஒற்றைக்குழற் துவக்கை வைத்திருந்தனர். இங்கே 'போர்' என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், யுத்தம் அன்று. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுவே 12 போரின் அளவு: 0.729 அங்குலம். எண் குறையக் குறைய விட்டம் கூடும். 10 போர் 0.775 அங்குலம்.

ஒட்டுசுட்டான் பக்கத்திலே, 1970களின் தொடக்கத்தில் அத்தகைய துவக்கொன்றை வைத்திருந்த பெரியவர் ஒருவருக்கு இப்போது எழுபத்தேழு வயது. முல்லைத்தீவு தனி மாவட்டமாகாத காலம் அது. பத்திரத்துக்கு வவுனியாக் கச்சேரிக்கே போகவேண்டியிருந்தது. அத்துவக்கு 1980களில் அவர் கையைவிட்டுப் போயிற்று. எப்படிப் போயிற்று என்று வன்னியில் எவரும் கேட்பதில்லை. அந்தக் காலத்தின் மிச்சமாக அவரிடம் இருப்பது ஒரு வட்டுளி மாத்திரமே. 2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து மீண்டு, இடிந்து கிடந்த வீட்டுச் சுவரை அகற்றியபோது அது மண்ணுக்கடியிற் கிடைத்தது. துருவைத் தேய்த்து, விளிம்பைச் சாணை பிடித்து, இன்று பழைய ரயர் ரியூப்பில் வட்டங்கள் வெட்டி, அயலவரின் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கு வாசர் செய்து கொடுக்கிறார்.

சென்ற ஆடியில் ரொறன்ரோவிலிருந்து அவருடைய பேரன் வந்திருந்தான். அங்கே பிறந்தவன்; தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவான். அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஓய்வுநாட்களிற் குறிபார்த்துச் சுடும் கழகமொன்றுக்குப் போய் றைபிளினாற் காகித இலக்கைச் சுடுவான். சுட்ட ரவையின் பித்தளைக் கோதுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தானே மீண்டும் நிரப்புவான். இச்செய்தி அவன் வாயிலிருந்து வந்தபோது வீட்டிலிருந்த பெண்கள் முகம் சுளித்தனர். துவக்கைப் பொழுதுபோக்கென்று சொல்வதை அந்த வீடு எப்படி ஏற்கும்? பெரியவர் மட்டும், வெட்டிக்கொண்டிருந்த ரியூப்பை நிறுத்திவிட்டு, "உங்கை கோதின்ரை வாய் வெடிச்சு விரிஞ்சிடுமே மோனை. பிறகு சன்னத்தை எப்பிடிப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

இவ்விடயத்தின் உயிர்நிலையே அக்கேள்விதான். றைபிள் ரவையின் கோதுக்கு ஒரு கழுத்து உண்டு. அக்கழுத்தே சன்னத்தைக் கவ்வி நிற்பது. வெடிக்கும்போது உள்ளெழும் அமுக்கத்தாற் கழுத்து விரிந்து துவக்கறையின் சுவரை முட்டுகிறது; அமுக்கம் தணிந்தபின்னும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. மீண்டும் நிரப்ப வேண்டுமாயின் அதனைச் சுருக்கவேண்டும். ஒரே அளவிலமைந்த அச்சு, எந்தக் கோதாயினும் பொருந்தவேண்டுமென்று கழுத்தைத் தேவைக்கு மேல் நெரித்துவிடும். பின்னர் உள்ளே ஒரு குமிழை இழுத்து அதனை மறுபடி விரிக்கும். இவ்வாறு நெரித்தும் விரித்தும் பித்தளை கடினமாகிறது. கழுத்து கோணவும் கூடும். எனவே கைதேர்ந்தோர், அச்சினுள் மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய ஒரு சிறு உருக்கு வளையத்தைப் பயன்படுத்துவர். 'புஷிங்' என்பது அதன் பெயர். அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு வித்தியாசத்தில் வரிசையாக அவ்வளையங்கள் விற்கப்படுகின்றன.

எதைத் தெரிவது? பேரன் ஒரு பழைய கொப்பியிற் கணக்கைப் போட்டுக் காட்டினான். சன்னத்தின் விட்டம் 0.308 அங்குலம். கழுத்துச் சுவரின் தடிப்பு 0.015, இரு பக்கமுமாக 0.030. ஆகச் சன்னம் பொருத்திய கழுத்தின் வெளிவிட்டம் 0.338. அதிலிருந்து ஆயிரத்தில் இரண்டைக் கழித்தால் 0.336, அதுவே பெரும்பாலும் பொருந்தும் வளையம். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு என்றால், இங்கே கழிப்பது ஒரு மயிரளவும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பாடமாக்கிப் பயனில்லை. வேறொரு தொழிற்சாலையின் கோது சற்றே மெலிந்த சுவருடையதாயின் நேற்றைய வளையம் இன்று தளர்ந்துவிடும். சன்னம் பொருத்திய கோதொன்றை ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாக அளந்தே தீரவேண்டும்.

"இறுக்கமாப் பிடிச்சால் என்ன குறை?" என்றார் பெரியவர். தளர்ந்தாற் சன்னம் உள்ளே நழுவும் என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கியிருந்தது.

பேரன் சொன்ன விடை பிரித்தானியர் காலத்து இந்தியாவைப் பற்றியது. மழைக்காலத்திற் படை நடவடிக்கைகள் குறையும்போது, ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது வழக்கம். மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால் பல கோதுகள் வெடித்திருக்கும். அதுவும் சன்னத்தை இறுக்கிப் பிடித்திருந்த கழுத்திலேயே. எவரும் அவற்றைத் தொட்டதுமில்லை, சுட்டதுமில்லை. 1921இலே மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் காரணத்தை விளக்கினர். செம்பு எழுபது பங்கும் நாகம் முப்பது பங்கும் கலந்த அப்பித்தளையை உருவாக்கும்போதும் இறுக்கும்போதும் உலோகத்தினுள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. வெளியே எதுவும் தெரியாது. லாயத்தில் விலங்குகளின் மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் மாரியின் ஈரமும் சேர்ந்தபோது, அவ்விசை இருந்த இடத்திற் பிளவு திறந்தது. கழுத்தை அளவாகச் சூடாக்கி இழுவிசையைத் தணிப்பதே பரிகாரம். புதிய இராணுவ ரவைகளின் கழுத்தோரம் காணப்படும் மங்கிய நீலநிறம் அச்சூட்டின் தடமே.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு வட்டுளியைப் பேரனிடம் நீட்டி, வாயை அளக்கச் சொன்னார். அவன் எதிர்பார்த்தது 12 போரின் அளவை. கிடைத்ததோ ஏறத்தாழ 10 போரின் அளவு. பிழையாகச் செய்த உளியோ என்று கேட்டான்.

பிழையான உளி முந்தியது. கடைத்தோட்டா விலை கூடியதென்பதாற் பெரியவர் அக்காலத்தில் முழுப் பித்தளைத் தோட்டாக்களை வைத்திருந்து, தாமே நிரப்பிக்கொள்வார். மருந்துக்கும் ஈயக்குண்டுகளுக்கும் இடையே ஒரு தக்கை வைக்கவேண்டும். வெடியின் வாயு குண்டுகளுக்குள் கசியாது தடுத்து, அவற்றை ஒருசேரத் தள்ளுவது அதுவே. 12 போர்த் துவக்கு ஆகையால் 12 போர் அளவிலேயே கொல்லனிடம் உளி அடிப்பித்தார். காகிதத் தோட்டாவாயின் அது சரிதான். ஆனால் பித்தளைத் தோட்டாவின் சுவர் மிக மெல்லியது, உள்வாய் அகன்றது. அதற்குள் 12 போர்த் தக்கை ஆடும். 11 அல்லது 10 போர்த் தக்கையே பிடித்து நிற்கும். அந்த வித்தியாசம் அரை நூலுக்கும் குறைவு. எட்டு நூல் ஓர் அங்குலம்.

அது 1973. மாசி மாதத்து இரவொன்றிற் பெரியவரும் அவருடைய தம்பியும் காவலிருந்தனர். பன்றியொன்று வரம்போரம் வந்தது; பெரியவர் சுட்டார். வெடிச்சத்தமே சோர்ந்து கேட்டதாம். குண்டுகள் பட்டன, தோலுக்குக் கீழே இறங்கவில்லை. காயப்பட்ட பன்றி நேரே தம்பியின் மேற் பாய்ந்து, வலது முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. வவுனியா ஆசுபத்திரியில் இரண்டு மாதம். கால் மிஞ்சியது; நொண்டல் மாறவில்லை. கொல்லனிடம் போய் அரை நூல் கூட்டி வேறோர் உளி அடிப்பித்தது அதன் பின்னர்தான்.

பேரனுக்கு இது புதிய செய்தி. சின்னப்பாட்டனாரின் கால் ஷெல் பட்டு முடமானது என்றே கனடாவில் அவன் கேட்டு வளர்ந்தான். எல்லாக் காயத்தையும் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது, புலம்பெயர்ந்தோர் மாத்திரமன்றி இங்குள்ளோரும் செய்வதே.

ஆயினும் கணக்கு அத்தோடு முடியவில்லை. 2009இன் தொடக்கத்தில் அக்குடும்பம் புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று இடம்பெயர்ந்து கரையை நோக்கி நடந்தது. தம்பிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மற்றவர்கள் ஓடிய இடங்களில் அவர் நடந்தார். நடந்த இடங்களிற் பின்தங்கினார். ஒருநாள் மாலை, நீங்கள் முன்னாலே போங்கள், வந்து சேருகிறேன் என்றார். வந்து சேரவில்லை.

"ஷெல்லுத்தான் கொண்டது. அது எனக்குத் தெரியும்," என்றார் பெரியவர். "ஆனால் அவனுக்கு ரெண்டு காலும் சரியா இருந்திருந்தால்..."

பேரன் ஏதோ சொல்ல முயன்றான். அவன் கற்ற தமிழில் அதற்குச் சொல் அகப்படவில்லை. ஆங்கிலத்திலும் அகப்பட்டிருக்குமா என்பது ஐயமே. கொப்பியை மூடிவிட்டு, வட்டுளியையும் சுத்தியலையும் எடுத்து, ரியூப்பின் மேல் வைத்து ஓர் அடி அடித்தான். வட்டம் சுத்தமாக விழுந்தது. சிறிய உளியால் நடுத்துளையையும் இட்டு நீட்டினான்.

பெரியவர் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். துளை சற்றே ஒரு பக்கம் விலகியிருந்தது. "ஒழுகும் மோனை," என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டு, ரியூப்பை மறுபடி அவன் பக்கம் தள்ளினார்.