மெனு எங்கே உடைகிறது

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் உட்கார்ந்து இணையதளம் செய்து கொடுப்பவனுக்கு மூன்று மொழி கட்டாயம். ஒரு பக்கம் நீலசந்திரா, இன்னொரு பக்கம் விவேக்நகர். வருகிற கேட்டரிங்காரர், டியூஷன் சென்டர்காரர் பலருக்கும் வீட்டில் தமிழ்தான். தளத்தில் ஆங்கிலமும் கன்னடமும் இருக்க வேண்டும், தமிழையும் விடக்கூடாது. வேர்ட்பிரஸ் தீம் ஒன்றைக் முதலிலிருந்து எழுதும்போது எனக்கு அதிக நேரம் பிடிப்பது தலைப்பு மெனுதான்.

2010 மே மாதம் ஈதன் மார்கோட், திரைக்கேற்ப மாறும் 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு பற்றிய கட்டுரையை எழுதினார். அடுத்த மாதமே வேர்ட்பிரஸ் 3.0 வந்தது, தளத்தின் சொந்தக்காரரே நிர்வாகப் பக்கத்தில் மெனுவை அடுக்கிக்கொள்ளலாம் என்றானது. இரண்டும் சேர்ந்ததில் தீம் எழுதுபவன் பாடு திண்டாட்டம். மெனுவில் என்னென்ன வரும் என்பது கடைக்காரர் கையில், திரை எவ்வளவு அகலம் என்பது பார்ப்பவர் கையில். இரண்டும் தெரியாமல்தான் நான் எழுத வேண்டும்.

பலர் 768 பிக்சல் என்று ஓர் எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது பழைய ஐபேடை நிமிர்த்திப் பிடித்தால் வரும் அகலம். 'எங்களைப் பற்றி'க்கும் ஐபேடுக்கும் என்ன சம்பந்தம்? நான் தமிழ் மெனுவைப் போட்டுவிட்டு பிரவுசர் சன்னலை மெல்லக் குறுக்கிக்கொண்டே வருவேன். 'தொடர்புக்கு' இரண்டாம் வரிக்கு விழும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் மெனு மடங்க வேண்டும். அதே மெனு ஆங்கிலத்தில் இன்னும் குறுகிய திரையிலும் ஒரே வரியில் நிற்கும். அதனால் திரை அகலத்தைப் பார்த்து விதி மாற்றும் மீடியா குவெரிக்குள் தமிழுக்குத் தனி விதி; அளவும் பிக்சலில் இல்லை, எழுத்தின் அளவைச் சார்ந்த எம்-இல். பிரவுசர் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு மெனுவும் முன்னதாகவே மடங்கிக்கொள்ளும்.

ஒரு கடைக்காரர் சொன்னார்: "தம்பி, ரெண்டு வரியா விழுதுன்னா 'அபௌட்'னே போட்டுடேன்." மாட்டேன் என்றேன். சொல்லைக் குறைப்பதா, சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி கூட்டுவதா என்றால் எனக்குக் கூட்டுவதே சுலபம்.

உயரத்திலும் இதே கதை. ஆங்கிலத்தைப் பார்த்து மெனுப் பட்டைக்கு நிலையான உயரம் கொடுத்து, மிஞ்சுவதை மறைக்கச் சொல்லிவிட்டால், கன்னடத்தில் எழுத்துக்கு அடியில் தொங்கும் ஒத்தெழுத்துகள் பாதியில் அறுபடும். தமிழ் 'கூ'வின் வாலும் தப்பாது. உயரமே கொடுப்பதில்லை; மேலும் கீழும் இடைவெளி, தாராளமான வரி உயரம், அவ்வளவுதான்.

துணை மெனு அடுத்த தலைவலி. மவுஸ் மேலே போனால் திறப்பது என்பது போனில் அர்த்தமில்லாதது. முதல் தட்டில் திறந்து இரண்டாவது தட்டில் பக்கத்துக்குப் போகும்படி சிலர் செய்கிறார்கள். தட்டியவர் போன் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைப்பார். 'சேவைகள்' இணைப்பாகவே இருக்கட்டும், பக்கத்தில் அம்புக்குறி தனிப் பட்டனாக இருக்கட்டும். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை 'ஏரியா-எக்ஸ்பாண்டட்' பண்பில் குறித்தால், பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதைச் சொல்லும். 2023-இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2 பட்டனுக்குக் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. நான் 44 வைக்கிறேன். கட்டைவிரல்கள் எல்லாம் ஒரே அளவா என்ன?

மடங்கிய மெனுவைத் திறக்கும் மூன்று கோட்டுக் குறி 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. இத்தனை வருடமாகியும் வயதானவர்கள் பலர் அதை ஏதோ அலங்காரம் என்று தாண்டிப் போகிறார்கள். பக்கத்தில் 'மெனு' என்று எழுதிவிடுவேன். டிசைனர் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராத மோசமான சிக்னலிலும் வழி இருக்க வேண்டுமே, அதனால் மெனு முதலில் திறந்தே இருக்கும். ஸ்கிரிப்ட் வந்த பிறகுதான் மடங்கும்.

கேட்டரிங்காரர் தளத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் தேடுவது போன் எண்ணைத்தான். எவ்வளவு சிறிய திரையானாலும் அதை மட்டும் மூன்று கோட்டுக்குள் போடுவதில்லை. லோகோவைச் சுருக்குவேன், கடைப் பெயரை இரண்டு வரியாக்குவேன். எண் வெளியே, தட்டினால் அழைப்பு போகும்படி நிற்கும்.