கடைக் கணக்கும் க்ளவுடும்

"எங்க கணக்கெல்லாம் க்ளவுட்லதான் இருக்கு" என்று சின்னக் கடைக்காரர்கள்கூட இப்போது சொல்கிறார்கள். கொஞ்சம் விசாரித்தால், கணக்குக் கோப்பை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் இதில் ஏதாவது ஒன்றில் போட்டு வைத்திருப்பார்கள். கோப்பைச் சேமிப்பது வேறு, டேட்டாபேஸை நடத்துவது வேறு. வணிகவியல் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள், இது கணக்குப் பாடம்தான்!

அந்தக் காலத்து மண்டிகளில் பேரேடு ஒன்றுதான் இருக்கும், அதில் எழுதுகிறவர் கணக்குப்பிள்ளை ஒருவர்தான். யார் பணம் வாங்கினாலும் அவரிடம் வந்து சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் சர்வர் அந்தக் கணக்குப்பிள்ளை மாதிரி. பத்து பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் வரிசையில் நிறுத்தி எழுதிக்கொள்ளும்.

டிராப்பாக்ஸ் மாதிரியான சேவை அப்படி இல்லை. அது பேரேட்டை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பது போல. இரண்டு பேரும் தங்கள் பிரதியில் எழுதிவிட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் வரிகளை அது படிப்பதில்லை. கோப்பு மாறியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அதனால் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு 'முரண்பட்ட பிரதி' என்று பெயர் போட்டுவிடும்.

என் மாமாவுக்கு எலக்ட்ரிகல் சாமான் மொத்த வியாபாரம். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் செய்த பழைய டேட்டாபேஸ்தான் கணக்கு. கடையும் குடோனும் ஒரே கட்டிடத்தில் இருந்தவரை நன்றாகவே ஓடியது. ஆக்சஸ் கோப்பைப் பலர் திறக்கும்போது பக்கத்திலேயே ஒரு பூட்டுக் கோப்பு உருவாகும். யார் எதைத் திருத்துகிறார்கள் என்பதை அதை வைத்துத்தான் பார்த்துக்கொள்ளும். குடோன் ஊருக்கு வெளியே போனதும், தெரிந்த ஒருவர் யோசனைப்படி கோப்பை இணையச் சேமிப்பில் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் தனித்தனிப் பிரதி ஆகிவிட்டதால் பூட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. ஒரு நாள் குடோனில் ஒரு வாடிக்கையாளர் கட்டிய 18,400 ரூபாய் ஒரு பிரதியில் ஏறியது, கடை பயன்படுத்தியது இன்னொரு பிரதியை. மாதக் கடைசியில் அவரிடம் பாக்கி கேட்டுவிட்டார்கள். பதினைந்து வருட வாடிக்கையாளர். ரசீதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாராம். பணத்தைவிட அதுதான் மாமாவுக்கு வலித்தது.

1494-ல் லூகா பச்சோலி வெனிஸில் அச்சிட்ட புத்தகத்தில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையை நாம் முதல் வருடத்திலேயே படிக்கிறோம். பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது. நல்ல டேட்டாபேஸ்களில் 'டிரான்சாக்‌ஷன்' என்பதும் இதேதான். பில் போட்டால் சரக்கு குறைய வேண்டும், பாக்கி ஏற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் இரண்டுமே நடக்காதது போல் ஆகிவிடும். கோப்பை நகலெடுக்கும் சேவையால் இந்த உறுதியைத் தர முடியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? இரண்டு மூன்று பேர் எழுதும் சின்னப் பட்டியல் என்றால் கூகுள் ஷீட்ஸ் போதும். அங்கே எல்லோரும் ஒரே பிரதியில்தான் எழுதுகிறார்கள். ஆனால் பில், சரக்கு, பாக்கி என்று ஒன்றோடொன்று கட்டிய கணக்குக்கு மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் மாதிரி ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுப்பதுதான் சரி. அமேசானுக்கு மும்பையில் 2016 முதலே தரவு மையங்கள் இருப்பதால் கணக்கு நாட்டை விட்டுப் போகவும் வேண்டாம். பழைய ஆக்சஸ் படிவங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தரவை மட்டும் சர்வருக்கு மாற்றிவிட்டு, படிவங்களை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். மாமா கடையில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, நெட் போனால் பில் நிற்கும், மாற்று இணைப்பு ஒன்று அவசியம். இரண்டாவது, டேட்டாபேஸை உலகத்துக்கே திறந்து வைக்கக் கூடாது. 2017 தொடக்கத்தில் பாஸ்வேர்டு இல்லாமல் கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். மூன்றாவது, சர்வர் கணக்கு கடை முதலாளி பெயரில் இருக்க வேண்டும், அமைத்துக் கொடுத்தவர் பெயரில் அல்ல.

டிரைவ் வீண் என்று சொல்லவில்லை. அதன் வேலை காப்பு நகல் வைப்பது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். தினமும் இரவில் டேட்டாபேஸிலிருந்து ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு டிரைவில் வையுங்கள். தேதி இல்லாமல் ஒரே கோப்பையே மாற்றிக்கொண்டிருந்தால் அது காப்பு ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

உங்கள் வீட்டிலும் கடை இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதினா என்ன ஆகும்?" பதில் தெரியவில்லை என்றால், யாராவது ரசீதோடு வருவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.