குட்டி கேஸ் செட்டும் வகுத்தல் கணக்கும்

கேஸ் செட் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது டார்ச்சைத்தான். பித்தளைப் பளபளப்பு, திருகினால் வழுக்கிக்கொண்டு சுழலும் குமிழ், டப்பாவுக்குள் வரிசையாகப் படுத்திருக்கும் நாசில்கள்... பார்த்தாலே வாங்கத் தோன்றும். ஆனால் கம்பியைச் சூடாக்கி வளைப்பதற்காக வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது டார்ச்சை அல்ல, மூலையில் தூசி படிந்து நிற்கும் அசெட்டிலீன் சிலிண்டரை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், எல்லாம் வகுத்தல்தான் :)

ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊரில் ஒரு கொல்லுப்பட்டறை. அப்பா கொல்லர், மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல். ஜன்னல் கிரில், கேட், டிராக்டர் கலப்பைக்குக் கொழு தட்டிக் கொடுப்பது என்று ஓடுகிற பட்டறை. முப்பது வருடம் கரி உலைக்கு முன்னால் உட்கார்ந்த மனிதருக்கு இப்போது நெஞ்சில் சளியும் இழுப்பும். புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறையை மூடலாம் என்றால் மகன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதனால் அம்மா சீட்டு எடுத்தார். "கேஸ் செட் ஒண்ணு வாங்கிக் குடுத்துரு கண்ணு, அந்தப் பொகையில இருந்து அவரு எந்திரிச்சா போதும்."

மகன் பார்த்து வைத்திருந்தது ஒரு குட்டி செட். ஒரே சட்டத்தில் இரண்டு சின்ன சிலிண்டர்கள், மேலே கைப்பிடி. ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கடைக்காரர் சொன்னார்: "மூவாயிரம் டிகிரி வரும் தம்பி, இரும்பே உருகும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆக்சிஜனும் அசெட்டிலீனும் சேர்ந்து எரியும்போது சுடரின் உள்கூம்புக்குச் சற்று முன்னால் 3,100 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். இரும்பு 1,540 டிகிரியை ஒட்டி உருகிவிடும். பிரச்னை என்னவென்றால், வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. ஊதுபத்தி நுனியும் சிவப்பாகத்தான் கனன்றுகொண்டிருக்கிறது. அதில் தோசை சுட முடியுமா?

வெல்டிங் செய்கிறவருக்கு ஒரு புள்ளி உருகினால் போதும். வளைக்கிறவருக்கு ஒரு துண்டு முழுவதும், நடு வரைக்கும், ஒரே நிறத்துக்கு வர வேண்டும். 16 மி.மீ. சதுரக் கம்பியில் நான்கு விரல் நீளம், அதாவது 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டின் எடை 160 கிராம்தான். அதை 900 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 100 கிலோ ஜூல் வேண்டும். பெரிய எண் இல்லை. ஆனால் 900 டிகிரியில் சிவந்து நிற்கும் கம்பி சும்மா நிற்பதில்லை. தன் வெப்பத்தை ஒளியாகவும் கதிராகவும் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த 8 செ.மீ. துண்டுக்கு அந்த இழப்பு மட்டும் சுமார் 400 வாட். இரண்டு பக்கமும் கம்பி வழியாகக் கடத்தப்பட்டு ஓடுவது தனி.

மகனுக்கு இந்த விஷயத்தைத் தொட்டுக் காட்டியவர் கல்லூரி ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். செட்டின் விலையைக் கேட்கவில்லை, கம்பெனி பெயரைக் கேட்கவில்லை. "எத்தனாம் நம்பர் நாசில் போடப் போறே?" என்று மட்டும் கேட்டார்.

கேஸ் வெல்டிங் நாசில்களுக்கு 1, 2, 3, 5, 7, 10, 13, 18, 25 என்று நம்பர் உண்டு. ஐ.டி.ஐ.யில் படித்தவர்களுக்கு மனப்பாடம். இந்தப் பழைய பிரிட்டிஷ் வரிசையில் அந்த நம்பர்தான் ஏறத்தாழ அந்த நாசில் ஒரு மணி நேரத்துக்குக் குடிக்கிற அசெட்டிலீன், கன அடிக் கணக்கில். லிட்டரில் சொன்னால் 1ஆம் நம்பருக்கு 28, 5ஆம் நம்பருக்கு 140, 10க்கு 280, 25க்கு 710 லிட்டர். கம்பி வளைக்க 18 அல்லது 25 வேண்டும். அல்லது பல துளைகள் உள்ள சூடாக்கும் நாசில் வேண்டும். 'ரோஸ்பட்' என்கிறார்கள், பார்க்க ரோஜா மொட்டு மாதிரி இருக்குமாம். அது குடிப்பது இன்னும் அதிகம்.

சரி, சின்ன சிலிண்டரில் 25ஆம் நம்பர் நாசிலை மாட்டினால் என்ன? சீக்கிரம் தீர்ந்துவிடும், அவ்வளவுதானே? அதுதான் இல்லை. அசெட்டிலீன் மற்ற வாயுக்கள் மாதிரி அடைத்து வைக்கப்படுவதில்லை. சும்மா அழுத்தி அடைத்தால் காற்றே இல்லாமல், தீயே இல்லாமல், தானாகவே சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. அதனால் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசெட்டோன் திரவத்தை ஊறவைத்து, அந்த அசெட்டோனில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். ஒரு பங்கு அசெட்டோன் சாதாரண அழுத்தத்திலேயே 25 பங்கு அசெட்டிலீனைக் கரைத்துக்கொள்ளும். நம் ஊரில் 'டி.ஏ. சிலிண்டர்' என்பதன் விரிவே 'கரைந்த அசெட்டிலீன்' தான். அந்த நுண்துளைப் பொருளை மேம்படுத்தியவர்களில் ஒருவரான ஸ்வீடன்காரர் குஸ்டாஃப் டாலேன், 1912இல் அசெட்டிலீன் சோதனை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் இரண்டு கண்களையும் இழந்தார். அதே வருடம் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது, ஆளில்லாமல் எரியும் கலங்கரை விளக்குகளுக்கான கருவிகளுக்காக. இந்த வாயுவோடு பழகியவர்கள் எவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதற்குச் சொன்னது.

கரைந்திருக்கும் வாயு வெளியே வர நேரம் எடுக்கும். சோடா பாட்டிலை மெதுவாகத் திறந்தால் காற்று மட்டும் வரும், படாரென்று திறந்தால் சோடாவே பொங்கி வழியும் அல்லவா? அதேதான். வேகமாக இழுத்தால் வாயுவோடு அசெட்டோனும் சேர்ந்து வரும். சுடரின் நிறம் மாறும், நாசில் பட் பட்டென்று வெடிக்கும், ரெகுலேட்டரும் ஹோஸும் கெடும். நாசிலுக்குப் போதிய வாயு வராதபோது தீ டார்ச்சுக்குள்ளேயே பின்னோக்கிப் பாயவும் வழி உண்டு. இதனால்தான் ஒரு மணி நேரத்துக்கு சிலிண்டரில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது பழைய விதி. இப்போது பத்தில் ஒரு பங்கு என்றும், நிறுத்தாமல் எரிப்பதாக இருந்தால் பதினைந்தில் ஒரு பங்கு என்றும் இன்னும் இறுக்கிச் சொல்கிறார்கள்.

இனி அந்த வகுத்தல். குட்டி சிலிண்டரில் 1 கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் வாயு இருப்பதாகக் கொண்டால், தாராளமான பழைய விதிப்படியே மணிக்கு 143 லிட்டர். 5ஆம் நம்பர் நாசிலோடு சரி. அந்தச் சுடரின் மொத்த வெப்பம் 2,100 வாட்டை ஒட்டி வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கம்பிக்குள் இறங்கினால் 420 வாட். கம்பி வெளியே கொட்டுவதோ 400 வாட். அதாவது அப்பா அந்தக் கைப்பிடி வைத்த அழகான செட்டைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றாலும் 16 மி.மீ. கம்பி வளைக்கும் சிவப்புக்கு வந்து சேராது! மூவாயிரம் டிகிரி சுடரை வைத்துக்கொண்டுதான் இந்தக் கதி.

பெரிய டி.ஏ. சிலிண்டரில் 6 கன மீட்டர் இருந்தால் ஏழில் ஒரு பங்கு 857 லிட்டர். 25ஆம் நம்பர் தாராளமாக ஓடும், அதே கம்பி ஒரு நிமிடத்தில் சிவக்கும். பத்தில் ஒரு பங்கு என்று பார்த்தால் 600 லிட்டர், 18ஆம் நம்பர். பாதி தீர்ந்த பிறகு பாதிதான், இதையும் மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் விற்கும் மிகச் சின்ன அசெட்டிலீன் சிலிண்டருக்கு 'எம்.சி.' என்று பெயர், 10 கன அடி. அடுத்தது 'பி', 40 கன அடி. மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் முன்விளக்கு எரிக்க ஒரு காலத்தில் வைத்த சிலிண்டர்கள் அவை. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. விளக்கு எரிக்கப் பிறந்ததை வைத்து உலை வேலை வாங்கப் பார்த்தால் எப்படி? குட்டி செட் மோசமான சாமான் என்று சொல்ல வரவில்லை. ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக்குகள் மொட்டை மாடியில் ஏறி மெல்லிய செப்புக் குழாயைப் பற்றவைக்க அதைவிடத் தோதானது கிடையாது. அவர்களுக்கு 2ஆம் நம்பரோ 3ஆம் நம்பரோ போதும்.

இவ்வளவும் கேட்டபின் மகனுக்கு இன்னொரு யோசனை வந்தது. சமையல் கேஸ்! பல பட்டறைகளில் கட்டிங் வேலை ஆக்சிஜனும் எல்.பி.ஜி.யும் வைத்துத்தான் நடக்கிறது. சூடாக்குவதற்கு அது நிஜமாகவே நல்ல வழி. புரொப்பேன் வாயுவின் மொத்த வெப்பம், கன மீட்டருக்குக் கன மீட்டர், அசெட்டிலீனைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஏழில் ஒரு பங்குத் தொல்லையும் இல்லை. ஆனால் வெப்பத்தில் பெரும்பகுதி வெளிச்சுடரில் பரந்து கிடக்கும். பெரிய பட்டையைப் பொதுவாகச் சூடாக்க ஏற்றது. கிரில் வேலையில் ஓர் இடத்தை மட்டும் சிவக்க வைத்துச் சட்டென்று மடக்குவதற்கு அசெட்டிலீனின் உள்கூம்புதான் கைக்கு வரும். தவிர அதே சூட்டுக்கு எல்.பி.ஜி. ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆக்சிஜன் சாப்பிடும். நாசில் வேறு, ஹோஸும் அதற்கென்று உள்ளதாக இருக்க வேண்டும். இரும்பை வெல்டிங் செய்யவும் அது உதவாது. வீட்டு 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

கடைசியில் முடிவானது இதுதான்: சிலிண்டரை வாங்குவதே இல்லை. பெரிய டி.ஏ. ஒன்று, 7 கன மீட்டர் ஆக்சிஜன் ஒன்று, இரண்டும் டெபாசிட் கட்டி வாடகைக்கு. 25ஆம் நம்பரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தீரும். சீட்டுப் பணம் முழுவதும் டார்ச், இரண்டு ரெகுலேட்டர், ஹோஸ், டிராலி ஆகியவற்றுக்கு. அப்புறம் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர், ஒவ்வொரு ஹோஸுக்கும். தீ பின்னோக்கிப் பாய்ந்தால் ஹோஸுக்கும் சிலிண்டருக்கும் போகாமல் தடுக்கிற உறுப்பு அது. "அதெல்லாம் யாரும் போடறதில்ல தம்பி" என்றார் கடைக்காரர். இந்த ஒன்றில் மட்டும் பேரமே கிடையாது. டாலேனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அசெட்டிலீன் பக்கத்து மரை இடது பக்கமாகத் திரும்பும், நட்டில் வெட்டுக்குறி இருக்கும். மாற்றி மாட்டக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஹோஸில் அழுத்தம் 1 கிலோவைத் தாண்டவே கூடாது. பாதிகூடத் தேவைப்படாது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். இவர்களுடையது குட்டி யானையில் கயிறு போட்டுக் கட்டி, நிமிர்ந்தபடியே வந்து இறங்கியது.

உண்மையான சிக்கல் பட்டறைக்குள்தான் இருந்தது. கொல்லர் வேலையில் எண்ணெய் இல்லாத இடம் கிடையாது. தோய்க்க எண்ணெய் டின், துடைக்க எண்ணெய்த் துணி, இறுகிய மரைக்கு ஒரு சொட்டு. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். ரெகுலேட்டர் மரைக்கு எண்ணெய் போடுவது நல்ல பழக்கம் என்று முப்பது வருடம் நம்பிய கைக்கு அதை எப்படிச் சொல்வது? மகன் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. "இரும்பைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறயாடா?" பிறகு அவரே எண்ணெய் டின்னைத் தூக்கிப் போய்ப் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தார். டிராலிக்கு அருகே ஒரு சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் வந்தன.

அவருக்கு வேறொன்று கஷ்டமாக இருந்தது. இரும்பு பதத்துக்கு வந்ததை நிறம் பார்த்துச் சொல்கிறவர் அவர். கேஸ் கண்ணாடியைப் போட்டால் எல்லா நிறமும் பச்சையாகிவிடுகிறது. முதல் வாரம் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், திட்டும் வாங்கினார். அப்புறம் கம்பியை லேசாக அழுத்திப் பார்த்து, கையில் தெரிகிற தளர்ச்சியை வைத்து வளைக்கப் பழகிக்கொண்டார். நீலம் பாயும் சூட்டில், அதாவது 200 முதல் 300 டிகிரி வரை, மடக்கினால் இரும்பு முறியும் என்பதையும், விறைப்பேற்றிய போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் சூடாக்கக் கூடாது என்பதையும் யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜி.ஐ. பைப்பைச் சூடாக்கினால் துத்தநாகப் புகை வரும், அதுவும் இழுப்புக்காரருக்கு ஆகவே ஆகாது என்பதை மட்டும் மகன் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறான்.

கிரில் வேலை முழுக்க இப்போது கேஸில். கொழு தட்டுவதற்கு மட்டும் உலைதான். அத்தனை நீளத்தை ஒரே பதமாகச் சூடாக்க கேஸ் கட்டுப்படியாகாது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, மகன் வீட்டில் இருக்கும்போது உலை எரியும். ப்ளோயரைச் சுற்றுவதும் குறட்டைப் பிடிப்பதும் அவன். அப்பா வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்தபடி, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ம், எடு" என்பார்.