அப்பாவின் வெங்காய மூட்டையும் பாட்டியின் முதுகும்

பி.காம். படிக்கிறவனுக்கும் கார் ஸ்பிரிங்குக்கும் என்னடா சம்பந்தம்னு வகுப்பில் நாலு பேர் கேட்டாச்சு. எங்க வீட்டில் கார் விஷயமா மண்டையை உடைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான் சம்பந்தம். மூன்று வாரமா இதே நினைப்பாகத் திரிந்ததில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். பழைய கார் வைத்திருக்கிறவங்களுக்கு உதவும். கார் இல்லாதவங்க பாட்டிக்காகப் படிங்க.

எங்களிடம் இருப்பது 2004-ல் வாங்கிய மாருதி 800. 1983 டிசம்பரில் டெல்லியில் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்டு, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன அதே வண்டிதான். பதினைந்து வருஷம் முடிந்து 2019-ல் ஒரு தடவையும், 2024-ல் இன்னொரு தடவையும் பதிவைப் புதுப்பித்தாச்சு. எங்க வீட்டில் அது அழகுக்கு நிற்கிற வண்டி இல்லை, தினமும் ஓடுகிற வண்டி. அப்பாவுக்கு அயனம்பாக்கத்தில் ஒரு சின்ன மளிகைக் கடை. வாரத்தில் நாலு நாள் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, வானகரம், மதுரவாயல் வழியா கோயம்பேடு மார்க்கெட் போய் வெங்காயம், உருளை, தக்காளி எல்லாம் பின் சீட்டில் அடுக்கிக்கொண்டு வருவார். நூறு கிலோவுக்குக் குறையாது. அதே பின் சீட்டில்தான் சாயங்காலம் பாட்டி உட்காருவாங்க, பிசியோதெரபி போக.

பாட்டிக்கு எலும்புத் தேய்மானம். போன வருஷம் முதுகெலும்பில் ஒன்று நசுங்கிவிட்டது. "குலுங்காம பார்த்துக்கங்க" என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எங்க ரோட்டில் குலுங்காமல் போவதாவது! வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஒரு அளவு வைத்திருக்கிறது: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். எங்க தெருவில் இருப்பது உயரத்தில் குறைவில்லை, அகலம் மட்டும் ஒரு முழம். ஒவ்வொரு தடவையும் பின்னாடி 'டொம்'னு ஒரு சத்தம். பாட்டி கத்த மாட்டாங்க, முன் சீட்டின் முதுகை இறுக்கிப் பிடிப்பாங்க. அது கண்ணாடியில் தெரியும்.

வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. மெக்கானிக் அண்ணன் ஒரே பார்வையில் தீர்ப்பு சொன்னார்: "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு தம்பி. கெட்டியா ஒண்ணு போட்டுடலாம், அப்பா லோடுக்கும் தாங்கும்." அப்பாவுக்கு உடனே சம்மதம். எனக்குத்தான் உறுத்தல். கெட்டி ஸ்பிரிங் மூட்டையைத் தாங்கும், சரி. பாட்டியை?

ஆகவே அளந்து பார்க்கலாம் என்று இறங்கினேன். பக்கத்துத் தெருவில் ஒரு ரிட்டயர்டு சார், இதே மாடல் வைத்திருக்கிறார். மாசத்துக்கு ரெண்டு தடவை கோயிலுக்குப் போவதோடு சரி, வண்டி புதுசு மாதிரி இருக்கும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வைத்ததில், எங்க வண்டி அவருடையதை விட இரண்டரை செ.மீ. தாழ்வு. டிரைவர் பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகம். அடுத்து கடையிலிருந்து 25 கிலோ அரிசி மூட்டை நாலு எடுத்துவந்து எங்க பின் சீட்டில் வைத்தேன், மூன்று செ.மீ. இறங்கியது. அதே நாலையும் அவர் வண்டியில் ஏற்றினேன். ("கார்ல அரிசிக் கடை வைக்கிறியாப்பா?" என்று வாசலுக்கே வந்துவிட்டார்.) அதுவும் மூன்று செ.மீ.!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. 1678-லேயே ராபர்ட் ஹூக் எழுதி வைத்தது, பிளஸ் டூவில் தூங்கிக்கொண்டே எல்லாரும் படித்தது: எவ்வளவு பாரமோ அதற்கு ஏற்ற அளவுக்கு ஸ்பிரிங் அமுங்கும். ஒரு செ.மீ. அமுங்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பதுதான் அதன் விறைப்பு. எங்க ஸ்பிரிங் புது ஸ்பிரிங் மாதிரியே அமுங்குகிறது. அப்படியானால் அது மெலிந்து போகவில்லை, குட்டையாகிவிட்டது. இருபது வருஷம் பாரம் சுமந்ததில் எஃகு நிரந்தரமாகக் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனால் எஃகின் விறைப்பு, கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. 'வீக்' என்று நாம் சொல்வது உயரத்தில் மட்டும்தான்.

அப்போ 'டொம்' எங்கிருந்து வருகிறது? ஸ்பிரிங் ஓரளவுக்கு மேல் அமுங்கினால், பாடிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் கட்டை, அதாவது பம்ப் ஸ்டாப், இடிக்கும். ரிட்டயர்டு சார் வண்டியில் அந்த இடைவெளி ஆறரை செ.மீ. எங்களுடையதில் நாலு. நாங்க மூன்று பேர் ஏறினால் அதிலும் ரெண்டு போய்விடும். மிச்சம் இருக்கிற ரெண்டு செ.மீ.யில் எங்க தெரு வேகத்தடையைத் தாண்டச் சொன்னால் என்ன செய்யும் பாவம்? பாட்டியின் முதுகில் இறங்கிய இடி ஸ்பிரிங்குடையது இல்லை, ஸ்பிரிங் வேலை முடிந்த பிறகு வந்த ரப்பர் கட்டையுடையது.

கெட்டி ஸ்பிரிங்குக்கு இப்போ கணக்குப் போடலாம். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நாலாம் அடுக்கில் ஏறும். 10 மி.மீ. கம்பிக்குப் பதில் 11 மி.மீ. என்றால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். நூறு கிலோவுக்கு மூன்று செ.மீ.க்குப் பதில் ரெண்டுதான் இறங்கும், அப்பா சந்தோஷப்படுவார். சாயங்காலம் நாற்பத்தைந்து கிலோ பாட்டி உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியும் நேரே முதுகுக்கு வரும். இதில் ஷாக் அப்சார்பர் வேறு. பழைய ஸ்பிரிங்குக்குக் கணக்கான ஷாக் கெட்டி ஸ்பிரிங்கை அடக்க முடியாமல் வண்டி துள்ளிக்கொண்டே போகும்.

சரி, மூட்டைக்குத் தனி ஸ்பிரிங் தேவையே இல்லையா? நாலு பேர் உட்காரத்தானே கம்பெனி இந்தக் காரைச் செய்தது? நாலு பேர் என்றாலே 250 கிலோ பக்கம். அப்பாவும் அவர் வெங்காயமும் சேர்ந்து அதற்குள்தான் வருகிறார்கள். உயரம் சரியாக இருக்கிற கம்பெனி ஸ்பிரிங்குக்கு அது புது பாரமே இல்லை. ஒரு மூட்டையை முன் சீட்டுக்கு மாற்றினால் இன்னும் நல்லது. (இதற்கு அப்பாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை. சீட் கவர் அழுக்காகுமாம்.)

இதற்கு நடுவில் வந்த யோசனைகளைத் தனியாகவே எழுதலாம். சுருளுக்கு நடுவில் ரப்பர் வளையம் செருகு என்றார் ஒருத்தர். சில நூறு ரூபாயில் வண்டி நிமிர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் வளையம் பிடித்த சுற்று வேலை செய்யாது, மிச்ச சுற்றுகள்தான் எல்லாம் சுமக்கணும். காசு குறைவு, கிடைப்பது அதே கெட்டி ஸ்பிரிங். பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி இழுத்துவிடு என்றார் இன்னொருத்தர். லாரிக்கும் அம்பாசடருக்கும் பட்டை ஸ்பிரிங். அதைக் கழற்றி, தட்டி வளைவு ஏற்றி, தேவைப்பட்டால் கூட ஒரு பட்டை வைத்துக் கட்டுவது நம்ம ஊரில் காலம்காலமாக நடப்பது. சுருள் கம்பி அப்படியில்லை. அதன் உயிரே தொழிற்சாலையில் கொடுத்த பதம். அடுப்பில் காய்ச்சினால் பதம் போய்விடும், கொஞ்ச நாளில் திரும்ப உட்காரும்.

புதுப்பேட்டை பழைய சாமானும் பார்த்தேன். அங்கே கிடைப்பதும் யாரோ ஒருத்தர் வண்டியில் பல வருஷம் சுமந்ததுதானே, அதன் உயரம் எவ்வளவு போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மேல்பக்கம் நெருக்கமாகவும் கீழே தள்ளியும் சுற்றிய ஸ்பிரிங் ஒரு வகை இருக்கிறது. லேசான பாரத்துக்கு மெத்தென்றும் பாரம் ஏற ஏற விறைப்பாகவும் மாறும். எங்க வீட்டுக்கென்றே செய்த மாதிரி! ஜி.பி. ரோட்டில் நான் ஏறி இறங்கிய கடைகளில் இந்த வண்டிக்கு அது இல்லை என்றுவிட்டார்கள்.

பிரான்சில் சித்ரோவன் கம்பெனிக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. 1930களில் விவசாயிகளுக்காக ஒரு கார் யோசித்தபோது, ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு ஏற்றணும், உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் முட்டை உடையக்கூடாது என்று நிபந்தனை போட்டார்களாம். அதுதான் 1948-ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த 2சிவி. படித்ததும் அப்பாவிடம் சொன்னேன். "உருளை நம்மகிட்ட இருக்கு, முட்டை யாரு?" என்றார். பாட்டி முறைத்தாங்க :-)

கடைசியில் வாங்கியது கம்பெனி அளவு ஸ்பிரிங் ஜோடி. ஒன்று மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும், ஆகவே ரெண்டும். கூடவே பம்ப் ஸ்டாப் ரெண்டு, ஷாக் ரெண்டு. சில ஆயிரம் ஆனது. கடைக்காரர் முன்னாலேயே வெர்னியர் வைத்துக் கம்பித் தடிமனும், எண்ணிச் சுற்றுகளும் பார்த்தேன். பழையதோடு ஒத்துப்போனது, உயரம் மட்டும் கூட. மெக்கானிக் அண்ணனுக்கு இதில் திருப்தியில்லை. "ரெண்டு வருஷத்துல மறுபடி வருவே பாரு" என்றார். வந்தாலும் வரலாம். வருஷத்துக்கு ஒரு தடவை டேப் வைத்து எழுதி வைக்கப்போகிறேன், அப்பாவின் கடை நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில்.

மாட்டி ஒரு வாரம் ஓட்டிய பிறகு அளந்ததில் ரெண்டு செ.மீ.க்கு மேலேயே ஏறியிருந்தது. வேகத்தடையில் இப்போ வண்டி அமுங்கி எழுகிறது, 'டொம்' இல்லை. பாட்டி முன் சீட்டைப் பிடிப்பதை இன்னும் விடவில்லை. அது பழக்கமா, வலியா என்று கேட்டால் சொல்ல மாட்டேங்கிறாங்க.