ஒப்பாதவர் படிக்கும் கட்டுரை

விவாதக் கட்டுரை திருத்த உட்கார்ந்தால் நான் முதலில் படிப்பது கடைசிப் பத்தியை. முன்னுரையை எல்லாப் பிள்ளைகளும் நன்றாகவே எழுதுவார்கள். பள்ளிக்கூடத்துப் பயிற்சி அப்படி. கட்டுரை உண்மையில் என்ன கேட்கிறது என்பது முடிவுரையில்தான் தெரியும். ஒருபாலீர்ப்பினர், திருநர் முதலான பால்புதுமையரை உள்ளடக்கிய கல்வி பற்றி என் மேசைக்கு வரும் முன்வரைவுகளில் பெரும்பாலானவை 'சமுதாயம் மாற வேண்டும்' என்று முடியும். அந்த வரிக்கு நேரே ஓரத்தில், 'யார்? என்ன செய்ய வேண்டும்?' என்று பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மீதியை அன்றைக்குப் படிப்பதில்லை.

கட்டுரைப் போட்டிகளுக்கும் பருவக் கட்டுரைகளுக்கும் பிள்ளைகளைத் தயார்செய்வது என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சமுதாயம் மாற வேண்டும் என்பதை மறுக்க ஊரில் ஆள் கிடைக்காது. மறுக்க ஆளில்லாத இடத்தில் விவாதத்துக்கு என்ன வேலை? 'அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள், உடனே நாலு பேர் எழுந்து நிற்பார்கள். கட்டுரை அந்த நாலு பேருக்காக எழுதப்படுவது. ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்கள் கைதட்டுவதற்குக் கட்டுரை எதற்கு, மேடை போதும்.

கோரிக்கையை எங்கே தேடுவது என்று கேட்பார்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைப் படிக்கச் சொல்வேன். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. பள்ளி, கல்லூரிகளுக்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் பெற்றோருக்கு விளக்க வேண்டும், எல்லாப் பாலினத்தவரும் பயன்படுத்தும் கழிப்பறை வேண்டும், சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றித் தர வேண்டும், சேர்க்கை விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம் வேண்டும், இப்பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் வேண்டும் என்று ஒவ்வொன்றும் ஒரு தலைமையாசிரியர் நாளைக் காலை செய்யத் தொடங்கக்கூடிய வேலை.

இதைப் படித்ததும் பிள்ளைகள் ஐந்தையும் அள்ளிக்கொண்டு வருவார்கள். ஒன்றை எடு, மற்றதை விடு என்பேன். ஆயிரம் சொல்லுக்குள் ஐந்து கோரிக்கை நிற்காது. ஒரு பையன் கழிப்பறையை மட்டும் எடுத்துக்கொண்டான். எந்தக் கதவுக்குள் போவது என்று தெரியாத பிள்ளை காலை முதல் மாலை மணி அடிக்கும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும், தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது என்று தொடங்கினான். அதுவரை 'உள்ளடக்கிய கல்வி' என்பது அவனுக்கு வெறும் தலைப்பு. அன்றைக்கு அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் வந்தன.

நான் தொழில் கற்றது ஒரு பழைய புலவரிடம். பால்புதுமையர் என்ற சொல்லை அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் இந்தக் கட்டுரைகளைத் திருத்தும்போது என் கையில் ஓடுவது அவர் கைதான். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடவே மாட்டார். இரண்டாம் வாசிப்பில் தடுமாறும் இடத்துக்கு நேரே ஓரத்தில் ஒரு கோடு இழுப்பார், அவ்வளவுதான். காரணம் எழுத மாட்டார். எழுதியவனே சத்தமாகப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் எல்லாம் மூன்றாம் வாசிப்புக்குத்தான். நீக்கப்படப் போகும் வாக்கியத்துக்கு வல்லினம் மிகுமா மிகாதா என்று பார்ப்பது வீண் என்பார். புது ஆசிரியர்கள் முதல் வரியிலிருந்தே சந்திப்பிழையைச் சுழித்துக்கொண்டு போவார்கள். தாள் சிவந்துவிடும், வாதம் அப்படியே கிடக்கும்.

அவரிடம் கற்றதில் பெரியது மறுப்புப் பத்தி. எதிர்க்கட்சியை முதலில் நேர்மையாக நாட்டிவிட்டுப் பிறகு களைவது நம் மரபுக்குப் புதிதல்ல. நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் அது ஒன்று. சிவஞான சித்தியாரில் பரபக்கம் முன்னே நிற்கும், சுபக்கம் பின்னேதான் வரும். அடுத்தவன் கட்சியை அவன் வாயாலேயே சொல்லத் தெரியாதவனுக்கு அதை மறுக்கும் உரிமை கிடையாது என்பது புலவரின் கட்டளை. கட்டுரை முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு அந்த ஒரு பத்தியை மட்டும் நாலு தடவை எழுத வைப்பார்.

ஒரு மாணவியின் முன்வரைவில் அந்தப் பத்தி ஒரே வரியில் இருந்தது: 'சில பிற்போக்குவாதிகள் இதை எதிர்க்கிறார்கள்.'

"யாரும்மா அந்தப் பிற்போக்குவாதி?" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அம்மாவே ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றாள்.

"அப்ப அம்மா சொல்றதை எழுதிட்டு வா. எழுதினதை அவங்ககிட்டயே படிச்சுக் காட்டு. 'ஆமா, நான் இதைத்தான் சொன்னேன்'னு அவங்க சொல்ற வரைக்கும் விடாதே."

மறுநாள் அவள் எழுதி வந்தது: 'இந்த வயதில் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளின் மனம் கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர்.' முதல் வரைவுக்கு எவ்வளவோ மேல். ஆனால் இன்னும் வாய்ப்பாடுதான். அம்மாவிடம் படித்துக் காட்டினாளா என்று கேட்டேன். இல்லை. திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது தாளில் அம்மாவின் குரலே இருந்தது: "நான் பயப்படுறது பாடத்துக்கு இல்லடி. நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளையே அப்படி வந்து நின்னா, யார்கிட்ட போய்க் கேக்குறது, ஊர் வாய்க்கு என்ன பதில் சொல்றது, அதுதான் பயம்."

அந்த வாக்கியம் வந்ததும் கட்டுரை திசை மாறிவிட்டது. பாடம் வேண்டாம் என்று அம்மா சொல்லவே இல்லை. தனக்கு வழி சொல்ல ஆளில்லை என்கிறார். பெற்றோர் கூட்டத்தில் விளக்க வேண்டும் என்ற உத்தரவு நேரே அந்தப் பயத்துக்கான பதில். மாணவி மறுப்பை இரண்டே வரியில் முடித்தாள். அதற்கு மேல் தேவைப்படவில்லை. எதிர்ப்பை அதன் சொந்தக் குரலில் எழுதிவிட்டால் பதில் பெரும்பாலும் அதற்குள்ளேயே கிடக்கும். பிற்போக்குவாதி என்று பெயர் சூட்டிவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

அடுத்தது சான்று. யுனெஸ்கோவுக்காகச் சென்னையின் சகோதரன் அமைப்பு தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வைப் பிள்ளைகள் அடிக்கடி எடுத்து வருவார்கள். 'தமிழ்நாட்டில் பால்புதுமை மாணவர்களில் மூன்றில் ஒருவர் கொடுமை தாங்காமல் படிப்பை நிறுத்துகிறார்' என்று எழுதியிருப்பார்கள். ஓரத்தில் நான் எழுதுவது: 'யாரிடம் கேட்டது? எத்தனை பேர்?' ஆய்வில் பங்கேற்றவர்கள் 371 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தாங்கள் படிப்பை விட்டதில் பள்ளியில் பட்ட சீண்டலுக்கு முக்கியப் பங்கு உண்டு என்றார்கள். அவ்வளவுதான் எழுதலாம். மாநிலம் முழுமைக்கும் அதை விரித்தால், ஒப்பாதவர் முதலில் கை வைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். எண்ணைச் சுருக்கி எழுதினால் வாதம் பலவீனமாகிவிடும் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அளவோடு சொன்ன எண்ணைத்தான் யாராலும் அசைக்க முடியாது.

ஆண்டுகளும் இப்படித்தான் குழம்பி வரும். '2014இல் ஓரினச்சேர்க்கை குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது' என்ற வரியை மாற்றாத பருவமே இல்லை. 2014 ஏப்ரல் 15 தீர்ப்பு மூன்றாம் பாலினத்தவரின் அங்கீகாரம் பற்றியது. ஒருபாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து விலக்கிய தீர்ப்பு 2018 செப்டம்பர் 6. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் திருநர் மாணவர்களுக்குப் பாகுபாடில்லாமல் உள்ளடக்கிய கல்வி தர வேண்டும் என்று சொல்வது திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தின் 13ஆம் பிரிவு. மூன்றும் மூன்று விஷயம். இதற்கு நான் சொல்லித்தரும் உபாயம் எளியது: தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் அது யாருக்கு என்ன கொடுத்தது என்று எழுது. எழுதி முடித்ததும் இன்னொன்று தானே கண்ணில் படும். கட்டுரையின் தலைப்பு எல்லாப் பால்புதுமையரையும் அழைக்கிறது, உள்ளே வரும் சான்று பெரும்பாலும் திருநரைப் பற்றியது. ஒன்று தலைப்பைச் சுருக்கு, அல்லது மற்றவர்களுக்கும் சான்று தேடு.

பிறகு நகைகளைக் கழற்ற வேண்டும். அர்த்தநாரீசுவரர், கூவாகம் திருவிழா, நர்த்தகி நடராஜுக்கு 2019இல் கிடைத்த பத்மஸ்ரீ, காவல் உதவி ஆய்வாளரான பிரித்திகா யாஷினி என்று ஒரு முழுப் பக்கம் பளபளக்கும். எல்லாம் உண்மை, எல்லாம் பெருமை. ஆனால் கோயிலில் இடம் கொடுத்த ஊர் வகுப்பில் பெஞ்சு கொடுத்ததா என்பதல்லவா கேள்வி? சாதனையாளர் பட்டியலும் அப்படியே. நாற்பது மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும் பள்ளியில் நிம்மதியாக உட்கார உரிமை உண்டு என்று கட்டுரை சொல்ல வேண்டும். சாதித்தவர்களைக் காட்டியே இடம் கேட்டால், சாதிக்காதவர்களுக்கு இடமில்லை என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி'யையும் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'வையும் பெயர் மட்டும் உதிர்த்துவிட்டுப் போகிறவர்களிடம் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். படித்துவிட்டு வருகிறவர்கள் எழுதும் பத்தியில் இரக்கம் குறைந்து விவரம் கூடியிருக்கும்.

இந்தத் தலைப்புக்கென்றே உள்ள ஒரு ஆபத்தைப் புதியவர்கள் மறக்கக் கூடாது. உண்மைக் கதை வேண்டும் என்ற ஆசையில், 'எங்கள் விடுதியில் இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கும் ஒருவன்...' என்று தொடங்குவார்கள். பெயர் இல்லை, சரி. துறை, ஆண்டு, ஊர், அவன் ஆடும் கபடி வரைக்கும் இருக்கும். நாலு பேர் படித்தால் மூன்று பேருக்கு ஆள் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்லாத ஒன்றை நம் கட்டுரை ஊருக்குச் சொல்லிவிடும். இந்தப் பத்திக்கு ஓரக்கோடு போட்டுக் காத்திருப்பதில்லை. எழுதிய பிள்ளையை உட்காரவைத்துக் காரணம் சொல்லி, அங்கேயே அடிக்கச் சொல்லிவிடுவேன். இதற்காகப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: உன் வகுப்பிலேயே வாய் திறக்காமல் இருக்கும் அப்படியொரு பிள்ளை இந்தத் தாளைப் படித்தால் என்ன நினைக்கும்? கேள்வி மனதில் ஏறிவிட்டால், 'பாவப்பட்ட ஜென்மங்கள்' என்பது போன்ற வரிகளை நான் சொல்லாமலே எடுத்துவிடுவார்கள்.

எதிர்த்து எழுதுகிறவர்களும் வருவார்கள். பள்ளியில் இந்தக் கல்வி கூடாது என்று ஒரு மாணவர் உறுதியாக எழுதி வந்தார். அவருக்கும் இதே ஓரக்கோடு, இதே கேள்விகள்: யாருக்குக் கூடாது, எந்த வகுப்பில், சான்று எங்கே? 'மேலை நாட்டு இறக்குமதி' என்ற வரிக்கு அவரால் சான்று காட்ட முடியவில்லை, அதை அவரே அடித்தார். மூன்றாம் வரைவில், நடுநிலைப் பள்ளி வரை தனிப்பாடம் வேண்டாம், ஆனால் சீண்டலுக்கு எதிரான விதி எல்லா வகுப்புக்கும் வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நின்றார். என் கருத்து அதுவல்ல. ஆனால் அது அவர் நின்று பேசக்கூடிய இடம். தன் கட்சிக்காரருக்கு ஒரு தராசு, எதிர்க்கட்சிக்காரருக்கு ஒரு தராசு என்று வைத்திருக்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் கட்டுரை கற்பதில்லை, ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதக் கற்கிறார்கள்.

கடைசியாக, கை நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வாக்கியம் நமக்குத் தோன்றும், எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். போட்டியில் பரிசும் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு வீட்டில், வகுப்பில், பேருந்தில் இதே வாதத்தைப் பேச வேண்டியிருக்கும். அங்கே நம் வாக்கியம் துணைக்கு வராது. அதனால் கோடு போடுங்கள், கேள்வி கேளுங்கள், திருப்பிக் கொடுங்கள். மறுப்புப் பத்தி சரியாகும்வரை மற்ற எதையும் தொடாதீர்கள். தாளைக் கையில் வாங்கியதும், இதை ஒப்பாத ஒருவர் எந்த வரியில் கீழே வைப்பார் என்று பாருங்கள். அந்த வரியில் உங்கள் வேலை தொடங்குகிறது.