சிலிகாவின் மீன் பருவம்

சென்னையிலிருந்து ஹௌரா செல்லும் வண்டி ஒடிசா மாநிலத்துள் புகுந்து ரம்பா நிலையத்தைக் கடக்கும்போது, வலப்பக்கத்துச் சாளரத்தில் கரை காணாத நீர்ப்பரப்பு ஒன்று தோன்றும். “கடல், கடல்!” என்று குழந்தைகள் கூவுவர். அது கடலன்று, சிலிகா ஏரி. ஏரி என்று வழங்கினும், கடலோடு தொடர்புடைய காயல் என்பதே பொருந்தும். இந்த இருப்புப்பாதையில் பணியாற்றும் எழுத்தர் என்ற முறையில் நாம் அதன் கரையோரமாகப் பலமுறை சென்று வந்துள்ளோம். மழைக்காலத்தில் அந்நீரைக் கண்ட நம் சங்கத்து அன்பர் சிலர், “இந்தக் கலங்கல் நீரில் என்ன மீன் இருக்கப் போகிறது?” என்று கேட்டதுண்டு. அவ்வினாவிற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சிலிகாவின் நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் நீர்ப்பரப்பு, கோடையில் 900 சதுர கிலோமீட்டர் அளவிற்குச் சுருங்கிவிடும். பரப்பு இத்துணைப் பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. பெரும்பகுதியில் ஓர் ஆள் மட்டத்திற்கு மேல் நீர் இல்லை. பல இடங்களில் இடுப்பளவே உண்டு. ஆதலின் அடிப்புறம் தட்டையான படகுகளே அங்கு ஓடுகின்றன. நீண்ட மூங்கிற் கழியை ஊன்றித் தள்ளுவதே பழைய முறை. ஆழமற்ற நீராதலால் காற்றுச் சற்று வலுத்தாலும் அலை எழுந்துவிடும். அடிச்சேறும் கலங்கி மேலே வரும். ஏரி நடுவே குன்றுத் தீவில் கோயில் கொண்டிருக்கும் காளிஜாய் தேவியை மீனவர்கள் தம் காவல் தெய்வமாக வணங்குகின்றனர். நாம் பொங்கலிடும் மகர சங்கராந்தி வேளையில் அங்குப் பெருவிழா நடைபெறும்.

இவ்வேரிக்கு இரண்டு பக்கங்களிலிருந்து நீர் வருகிறது. வடக்கே மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி முதலிய ஆறுகள் நன்னீரைக் கொணர்கின்றன. கிழக்கே நீண்ட மணல்திட்டை ஊடறுத்து முகத்துவாரத்தின் வழியாகக் கடல் நீர் புகுகிறது. ஆடி, ஆவணியில் ஆறுகள் பெருகும்போது வண்டல் கலந்த வெள்ளம் ஏரியை நிரப்பும். உப்புக் குறைந்து, வடபகுதி ஏறக்குறைய நன்னீர் ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வடியும். கோடையில் தென்காற்று வலுத்து வீச, கடல் நீர் மேலோங்கி உப்பு ஏறும். ஆகவே சிலிகா ஓராண்டிற்குள்ளாகவே ஆற்று நீராகவும் உவர் நீராகவும் மாறி மாறி விளங்குகிறது. அங்கு மீன் பருவம் என்பது இம்மாற்றத்தின் மறுபெயரேயாகும்.

காவிரியில் புதுப்புனல் செம்மண் நிறத்தில் நுரைத்து வரும்போது, ‘இது கலங்கல் நீர்’ என்று நம்மவர் முகம் சுளிப்பதில்லை. கரையில் கூடிச் சித்திரான்னம் படைத்து ஆடிப்பெருக்குக் கொண்டாடுகின்றனர். வயலுக்கு வண்டல் எதுவோ அதுவே ஏரிக்கும். வண்டலோடு வரும் சத்து நுண்ணுயிர்களை வளர்க்கிறது. அவற்றை உண்டு இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வளர்கின்றன. மேலும், கலங்கிய நீர் அக்குஞ்சுகளைப் பறவைகளின் கண்ணிலிருந்து மறைத்துக் காக்கும் திரையாகவும் பயன்படுகிறது.

நம் ஊர்ப்பக்கத்து மீன்கள் பல இங்கும் உள்ளன, பெயர்தான் வேறு. நாம் மடவை என்பதை ஒடியா மக்கள் கைங்கா என்பர். வரி இறால் இங்கே பகடா சிங்குடி. கொடுவாய் மீனுக்குப் பெக்டி என்று பெயர். வங்காளிகள் அதனையே பெட்கி என்று போற்றி உண்கின்றனர். அக்கொடுவாயின் வாழ்க்கை வியப்பிற்குரியது. கடலில் முட்டையிலிருந்து வெளிப்பட்டு, குஞ்சுப் பருவத்தில் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வரும். இங்கேயே உண்டு வளரும். இனம் பெருக்கும் காலத்தில் மீண்டும் உவர்மிக்க கடல்முகத்தை நாடிச் செல்லும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்த பின்னரே பெண்ணாக மாறும். ஆதலின் பெரிய கொடுவாய்களுள் பெரும்பாலானவை தாய் மீன்களே. கலங்கல் நீரில் களைச்செடியின் அருகிலோ நட்ட கழியின் அருகிலோ அசையாது பதுங்கியிருந்து, மடவைக் குஞ்சு அண்மையில் வந்ததும் பாய்ந்து விழுங்கும் இயல்பினது அது. மங்கிய ஒளியிலும் அதன் கண்ணுக்கு நன்கு தெரியும். விளக்கொளி பட்டால் அக்கண் நெருப்புத் துண்டம்போல் சுடர்வதை நாமே கண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில், பாலுகாவ் படகுத்துறைக்கு அலுவலக நண்பர் ஒருவரோடு நாம் சென்றிருந்தோம். பனி விலகவில்லை. இரவெல்லாம் ஏரியில் கழித்த படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. கூடைகள் இறங்கின, ஏலம் கூறும் குரல் எழுந்தது, பனிக்கட்டி உடைக்கும் ஓசை ஒருபுறம் கேட்டது. முதியவர் ஒருவர் படகில் அமர்ந்தவாறே தூண்டில் முட்களை ஒவ்வொன்றாகத் துடைத்து நெடுங்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “மௌசா, இவ்வளவு கலங்கிய நீரில் மீன் இருக்குமிடத்தை எவ்வாறு அறிகிறீர்கள்?” என்று நமக்குத் தெரிந்த ஒடியா மொழியில் கேட்டோம். அவர் தலை நிமிராமலே, “பாபு, நீரின் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. நீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். நீர் நகர்ந்தால் மீன் நகரும். நீர் நின்றுவிட்டால் நாங்களும் நின்றுவிட வேண்டியதுதான்” என்றார்.

அவர் சொன்னது வெறும் தொழில் நுணுக்கம் அன்று என்பதைச் சிலிகாவின் அண்மைக்கால வரலாற்றைப் படித்தபோது உணர்ந்தோம்.

இங்குள்ள மீனவர்கள் பல குலத்தவர். ஒவ்வொரு குலத்தார்க்கும் இன்ன கருவி, இன்ன நீரிடம் என்ற வழக்கம் முன்பு இருந்தது. பறி வைப்போர், வலை வீசுவோர், நெடுங்கயிற்றில் தூண்டில் இடுவோர் எனத் தொழில் பகுக்கப்பட்டிருந்தது. வெள்ளம் வடியும் காலத்தில் ஆழமற்ற பகுதிகளை மூங்கில் தட்டிகளால் வளைத்து, நீர் குறையக் குறைய மீனைப் பிடிக்கும் முறையை ‘ஜானோ’ என்பர். பருவம் அறிந்து பொறுத்திருந்து செய்யும் தொழில் அது.

பின்னர் இரண்டு இடர்கள் சேர்ந்து வந்தன. ஆறுகள் கொணர்ந்த வண்டல் வெளியேற வழியின்றித் தங்கியது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து நெடுந்தொலைவு விலகிப் போயிற்று. கடல் நீர் வரத்துக் குறைந்து, களைச்செடிகள் படர்ந்தன. மற்றொருபுறம் இறாலுக்கு அயல்நாடுகளில் விலை உயர்ந்ததும், பொருள் படைத்தோர் நுண்கண் வலைகளால் ஏரியையே வேலியிட்டு வளைத்து இறால் வளர்க்கத் தலைப்பட்டனர். வலையின் கண் வழியே குஞ்சும் தப்பவில்லை. வேலியின் குறுக்கே படகும் செல்லவில்லை.

இந்நிலையில் தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தஞ்சைக் கடற்கரையில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடிய சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று அத்தீர்ப்பு விதித்தது. நம் பெரியவர் ஒருவரின் முயற்சி, அவர் மொழி அறியாத மீனவர்க்கும் அரணாயிற்று. எனினும் தீர்ப்பு ஏட்டில் இருந்த அளவிற்கு நீரில் இல்லை. மீனவர்கள் தாமே வலைவேலிகளை அகற்ற முற்பட்டனர். அப்பூசலைத் தொடர்ந்து 1999 மே 29 அன்று சொரானா என்னும் ஊரில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிர் துறந்தனர். இறால் உண்ணும் நாம் அந்நால்வரை மறத்தல் தகாது.

மறு ஆண்டிலேயே நற்காலம் பிறந்தது. சிலிகா வளர்ச்சி ஆணையம் முறையாக ஆராய்ந்து, 2000 செப்டம்பர் 23 அன்று மணல்திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நீர்வழி 18 கிலோமீட்டர் குறைந்தது. 1990-களின் நடுவில் ஆண்டுக்கு 2,000 டன்னுக்கும் குறைவாக இருந்த மீன்வரத்து, 2001–02இல் 11,000 டன்னைக் கடந்தது. பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையினர் 1993இல் சிலிகாவை இடருற்ற நீர்நிலைகளின் பட்டியலில் சேர்த்திருந்தனர்; 2002இல் அதனின்று நீக்கிப் பரிசும் அளித்தனர். நீர் நகர்ந்தது, மீன் நகர்ந்தது, முதியவர் சொல் மெய்யாயிற்று.

ஆயினும் இடர் அடியோடு தீர்ந்ததென்று கூறுவதற்கில்லை. மணல் ஓயாது நகர்கிறது. வலைவேலிகள் அகற்றப்படுவதும் மீண்டும் முளைப்பதுமாக உள்ளன. இதில் நம்மால் ஆவது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். சந்தைக்குச் செல்லும் கூடை நம் கையில்தான் இருக்கிறது. ‘விலை மலிவு’ என்று விரல் நீளக் கொடுவாய்க் குஞ்சுகளைக் கூறு கட்டி விற்கும்போது, நம் இல்லத்தார் அவற்றை வாங்காது ஒதுக்கலாம். வாங்குவார் இல்லையெனில் நுண்கண் வலைக்கும் ஊதியம் குறையும்.

கடலில் பிறந்து, ஏரியில் வளர்ந்து, தன் இனத்திற்காக மீண்டும் கடலை நாடும் மீனுக்கு இரண்டும் வேண்டும். இடையே வழியும் திறந்திருத்தல் வேண்டும். பிழைப்பிற்காக இங்கு வந்து, மக்களை வளர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பெடுத்து ஊர் சென்று மீளும் நம் போன்ற குடும்பத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடுத்த முறை வண்டி ரம்பாவைக் கடக்கும்போது, குழந்தைகளைச் சாளரத்தருகே அழைத்து, அந்நீரின் கதையைச் சொல்லுமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.